1679: நொக்ஸ் தப்பிய ஆண்டும் ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவின் சட்டமும்

 

சாதாரண தர வரலாற்றுப் பாடத்தில் றொபர்ட் நொக்ஸ் ஒரு பந்திக்குள் வந்து போய்விடுவார். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் பிடிபட்டவர், தப்பிப்போய் இலங்கையைப் பற்றி நூல் எழுதியவர். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அவர் பிடிபட்ட இடம் நம் கிழக்குக் கரை. 1660 ஏப்ரலில், மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பலைப் பழுதுபார்க்க வந்தவர்கள். கப்பலின் கப்டன், அவரும் பெயரில் றொபர்ட் நொக்ஸ்தான், கரையில் ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தபோது மன்னனின் ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். மகன் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. எல்லாமாகப் பதினாறு பேர் அகப்பட்டார்கள். கப்பலுக்குச் செய்தி கொண்டுபோக மகனை அனுப்பினார்கள். அவர் அப்படியே கப்பலோடு போயிருக்கலாம். தகப்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று திரும்பி வந்தார். அந்த வாக்கின் விலை பத்தொன்பதரை ஆண்டுகள்.

இந்த இராஜசிங்கன் யார்? போர்த்துக்கேயர் துரத்திய நம் முன்னோரில் நாலாயிரம் பேரை 1626இல் மட்டக்களப்பில் குடியேற்றிய செனரத் மன்னனின் மகன். 1638இல் ஒல்லாந்தரோடு சேர்ந்து புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர். அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதினாறு பேரில் எவரையும் அவர் விசாரிக்கவில்லை. குற்றப்பத்திரம் இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, தண்டனைக்காலமும் இல்லை. கிராமங்களில் பிரித்து வைத்தார்கள். ஊரார் சோறு கொடுக்க வேண்டும், இவர்கள் எல்லை தாண்டக் கூடாது. தகப்பன் 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார், மகனே அடக்கம் செய்தார். பிறகு மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், ஊரூராகச் சாமான் கொண்டுபோய் வியாபாரம் செய்தார். 1679 ஒக்டோபரில் ஒரு கூட்டாளியோடு அநுராதபுரக் காட்டு வழியாக நடந்து, மல்வத்து ஓயாவைப் பிடித்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 38.

அதே 1679இல், மே 27ஆம் திகதி, லண்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது. காரணம் சொல்லாமல் ஒருவரை அடைத்து வைத்தால், அவரை உடலோடு நீதிபதி முன் கொண்டுவா என்று கட்டளையிடும் சட்டம். நாம் ஆட்கொணர்வு என்று சொல்கிறோம். நொக்ஸ் பிறந்த நாட்டில் அந்தச் சட்டம் வந்தபோது, நொக்ஸ் இங்கே எந்த நீதிபதியும் எட்டிப்பார்க்காத ஒரு சிறையில் பத்தொன்பதாவது ஆண்டை முடித்திருந்தார்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஒரு பிரபு. ஷாப்ட்ஸ்பரியின் முதலாம் ஏர்ல், அந்தனி அஷ்லி கூப்பர். அக்காலத்து ஆங்கிலேயர் பலர் அதனை 'ஷாப்ட்ஸ்பரியின் சட்டம்' என்றே சொன்னார்கள். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. ஒரு நல்ல மனிதரின் கதையை எதிர்பார்த்து வாசிக்க வேண்டாம். அவர் அப்படியானவர் அல்ல.

1621 ஜூலையில் டோர்செட் என்ற பகுதியில் பெரிய காணிக்காரக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதாகும்போது தாய் இறந்தார், பத்து வயதுக்குள் தகப்பனும் இறந்தார். அன்றைய இங்கிலாந்தில் காணிக்காரன் சிறு பிள்ளையை விட்டுவிட்டு இறந்தால், பிள்ளையின் சொத்து மன்னனின் ஒரு நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகும். பொறுப்பு என்பது பெயருக்குத்தான். அந்த நீதிமன்றத்தின் அதிகாரிகளும் சொந்தக்காரரும் சேர்ந்து பிள்ளையின் காணிகளை மலிவு விலைக்குத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அநாதைகளின் சொத்தைத் தின்பது எவ்வளவு பாரதூரமானது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் பையன் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நாட்டின் சட்டமா அதிபரிடமே நேரில் போய், எனக்காகப் பேசுங்கள் என்று கேட்டான். அவரும் பேசினார். மிச்சமிருந்த காணியில் ஒரு பகுதி தப்பியது. மன்னனின் பெயரால் இயங்கும் மன்றம் என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பதினெட்டு வயதில், 1640இல், பாராளுமன்ற உறுப்பினரானார். மன்னன் முதலாம் சார்ள்ஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் பகை முற்றிய காலம். மன்னன் பாராளுமன்றத்தைக் கேட்காமல் கடன் என்ற பெயரில் பணம் அறவிட்டான். 1627இல் கொடுக்க மறுத்த கனவான்களைப் பிடித்து அடைத்தபோது, என்ன குற்றம் என்று நீதிமன்றம் கேட்டதற்கு வந்த பதில், மன்னனின் விசேட கட்டளை என்பது மட்டும்தான். இந்தப் பதிலை நம் மக்கள் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். 1628இல், அதாவது போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டிய அதே ஆண்டில், காரணம் காட்டாமல் எவரையும் அடைக்கக் கூடாது என்று பாராளுமன்றம் மன்னனிடம் ஓர் உரிமை மனுவில் சம்மதம் வாங்கியது. மன்னன் சம்மதித்தான், பிறகு அதன்படி நடக்கவில்லை. 1642இல் உள்நாட்டுப் போர் வந்தது. 1649 ஜனவரியில் மன்னனின் தலையை வெட்டினார்கள்.

இந்தப் போரில் நமது பிரபு முதலில் மன்னன் பக்கம். 1644இல் பாராளுமன்றத்தின் பக்கம் தாவினார். பிறகு ஒலிவர் குரொம்வெல்லின் அரச சபையில் இருந்தார், அவரோடும் பிணங்கிக்கொண்டு வெளியேறினார். குரொம்வெல் இறந்ததும் இறந்த மன்னனின் மகனை அழைத்துவர ஒல்லாந்துக்குப் போன பன்னிரண்டு பேரில் ஒருவரானார். அது 1660 மே மாதம். கொட்டியாரத்தில் நொக்ஸ் பிடிபட்டு ஒரு மாதம் கடந்திருந்தது. கட்சி தாவல் நம் மாவட்டத்து வாக்காளர்களுக்குப் புதிய செய்தி அல்ல என்பதால் இதை நாம் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு தாவலிலும் அவருக்குப் பதவி கூடியது. அதே நேரம், பாராளுமன்றம் இல்லாமல் ஒருவர் தனியே ஆளக் கூடாது என்ற ஒரு நிலைப்பாட்டை, ஆள்பவர் மன்னனாயினும் குரொம்வெல்லாயினும், அவர் பெரிதாக விட்டுக்கொடுக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

புதிய மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் அவரைத் திறைசேரிக்குப் பொறுப்பாக்கினான். 1672இல் ஏர்ல் பட்டமும் நாட்டின் மிக உயர்ந்த நீதிப் பதவியும் கொடுத்தான். அடுத்த ஆண்டே பதவியைப் பறித்தான்.

இடையில் ஒரு சம்பவம். 1666இல் ஒக்ஸ்போர்டுக்குப் போனபோது ஜோன் லொக் என்ற இளம் அறிஞரைச் சந்தித்தார். லொக் மருத்துவமும் படித்தவர். மன்னனை அழைத்துவரப் போன பயணத்தில் வண்டி கவிழ்ந்து பிரபுவின் ஈரலில் பட்ட அடி கட்டியாக வளர்ந்திருந்தது. 1668இல் லொக்கின் மேற்பார்வையில் வயிற்றைத் திறந்து கட்டியை வெளியேற்றி, வெள்ளிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். மனிதர் பிழைத்தார். சாகும்வரை அந்தக் குழாயோடுதான் திரிந்தார், எதிரிகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். லொக் அவர் வீட்டிலேயே தங்கி, அவரது செயலாளராகவும் ஆலோசகராகவும் ஆனார். பின்னாளில் மக்களின் சம்மதம் இல்லாத ஆட்சி ஆட்சியே அல்ல என்று உலகத்துக்கு எழுதியவர் இந்த லொக்தான்.

இவ்வளவும் வாசித்துவிட்டு இவரைச் சுதந்திரத்தின் தந்தை என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அதற்கு முன் இரண்டு விடயங்கள்.

முதலாவது, அமெரிக்காவின் கரோலினா. அந்தக் குடியேற்ற நாட்டின் எட்டு உடைமையாளர்களில் இவர் ஒருவர். 1669இல் இவரும் லொக்கும் சேர்ந்து உருவாக்கிய அதன் அடிப்படைச் சட்டத்தில், மத விடயத்தில் அன்றைக்கு வியக்கத்தக்க தாராளம் இருந்தது. யூதர்களும் வேறு நம்பிக்கையாளர்களும்கூட அங்கே வாழலாம். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. சுதந்திரமான ஒவ்வொருவனுக்கும் தன் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டு, அடிமை எந்த மதத்தவனாயினும் சரி. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்த கம்பனியிலும் இவருக்குப் பங்கு இருந்தது. அந்த அடிமையின் உடலை எந்த நீதிபதி முன் கொண்டுவருவது?

இரண்டாவது, கத்தோலிக்கர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் அப்போது சிறு தொகையினர். பெரும்பான்மையினர் புரட்டஸ்தாந்தியர். 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்ற ஒருவன் முன்வந்து, கத்தோலிக்கப் பாதிரிமார் மன்னனைக் கொல்லச் சதி செய்கிறார்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்றான். சதி முழுவதும் அவனது கற்பனை. ஆனால் மக்கள் நம்பினார்கள். நம்பத் தயாராக இருந்தார்கள் என்று சொல்வது கூடப் பொருந்தும். லண்டனை விட்டுப் பத்து மைல் தூரத்துக்கு வெளியே போகும்படி கத்தோலிக்கருக்குக் கட்டளை வந்தது. வீடுகளைச் சோதித்து ஆயுதம் தேடினார்கள். கத்தோலிக்கப் பிரபுக்கள் பாராளுமன்றத்தில் அமரவும் தடை வந்தது. பொய்ச் சாட்சியத்தை வைத்துப் பாதிரிமாரையும் சாதாரண மனிதர்களையும் தூக்கிலிட்டார்கள். 66 வயதான ஸ்டாஃபோர்ட் பிரபுவை 1680 டிசெம்பரில் தலை வெட்டினார்கள். அயர்லாந்தின் பேராயர் ஒலிவர் பிளங்கெட்டை 1681 ஜூலையில் கொன்றார்கள்.

ஷாப்ட்ஸ்பரி இந்தக் கதையை உண்டாக்கவில்லை. ஆனால் அதன் மேல் ஏறிச் சவாரி செய்தவர் அவர்தான். மன்னனின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர், அவர் அடுத்த மன்னனாக வரக் கூடாது என்பது பிரபுவின் அரசியல். அதற்கு மக்களின் அச்சம் அவருக்குத் தேவைப்பட்டது. சாட்சிகளைத் தட்டிக்கொடுத்தார். ஸ்டாஃபோர்ட் குற்றவாளி என்று வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர். சிறுபான்மையினர் எல்லோரும் ஒரு சதியின் பங்காளிகள் என்று ஒரு நாடு முடிவுகட்டிக்கொண்டால், அந்த நாட்டின் தெருக்களும் பத்திரிகைகளும் எப்படி இருக்கும் என்பதை நாம் 2019 ஏப்ரலுக்குப் பிறகு பார்த்தோம். அதற்கு முன்னரே நம் தமிழ்ச் சகோதரர்கள் பல தசாப்தங்களாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆட்கொணர்வுச் சட்டம் நிறைவேறியது இந்த வெறியின் நடுவில். அதே பாராளுமன்றம், அதே பிரபு, அதே மாதங்கள். இதுதான் நம்மை இந்த மனிதரை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஆட்கொணர்வு ஆணை 1679இல் புதிதாகப் பிறந்தது அல்ல. அதற்கு முன்னரே பல நூற்றாண்டுகளாக இருந்தது. குறை என்னவென்றால், சிறை அதிகாரி ஆணைக்குப் பதில் சொல்லாமல் நாட்களைக் கடத்தலாம். நீதிபதி விடுமுறை என்று சொல்லலாம். கைதியை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஆணையை ஏமாற்றலாம். கடல் கடந்த தீவுக்கு அனுப்பிவிட்டால் ஆணை அங்கே எட்டாது. மன்னனின் அமைச்சர்கள் இவை எல்லாவற்றையும் செய்தார்கள். பிரபுவே 1677இல் லண்டன் கோபுரச் சிறையில் ஓராண்டு கிடந்தார். பாராளுமன்றம் பதினைந்து மாதம் கூடாததால் அது சட்டப்படி கலைந்துவிட்டது என்று பேசியதற்காக. ஆட்கொணர்வு கேட்டு நீதிமன்றம் போனார். பிரபுக்கள் சபையே உங்களை அடைத்தது, நாங்கள் தலையிட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

புதிய சட்டம் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, எல்லாம் நாள் கணக்கும் அபராதமும்தான். சிறை இருபது மைலுக்குள் என்றால் மூன்று நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும். நூறு மைலுக்குள் என்றால் பத்து நாள். அதற்கு மேல் இருபது நாள். தவறும் சிறை அதிகாரிக்கு முதல் முறை 100 பவுண், இரண்டாம் முறை 200 பவுண், பதவியும் போகும். விடுமுறை நாளிலும் மனுவை எடுக்க வேண்டும், மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுண் அபராதம். கைதியைக் கடல் கடந்து அனுப்பக் கூடாது. அபராதம் போவது அரசாங்கத்துக்கு அல்ல, பாதிக்கப்பட்ட கைதிக்கு. உரிமை என்று வெறுமனே எழுதிவைப்பதற்கும், இத்தனை நாளில் தராவிட்டால் உன் பையிலிருந்து இவ்வளவு போகும் என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களில் சிலர் சிறை கண்டவர்கள்.

இது நிறைவேறிய விதம் பற்றி ஆங்கிலேயர் ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். பிரபுக்கள் சபையில் வாக்கு எண்ணும்போது ஆதரவு வாக்குகளை எண்ணியவர், மிகப் பருத்த ஒரு பிரபு வந்ததும் பகிடிக்குப் பத்து என்று எண்ணினாராம். மறுபக்கத்தவர் கவனிக்கவில்லை, இவரும் திருத்தவில்லை. சபைக் குறிப்பில் ஆதரவு 57, எதிர்ப்பு 55. அன்று சபைக்கு வந்தவர்களோ அவ்வளவு பேர் இல்லை என்பார்கள். பகிடியோ உண்மையோ, அன்றே மன்னன் கையொப்பம் வைத்தான், சட்டம் சட்டமானது.

1681 ஜூலையில் பிரபுவையே இராஜத் துரோகக் குற்றத்துக்காகப் பிடித்தார்கள். பல மாதங்கள் கோபுரச் சிறையில் இருந்தார். நவம்பரில் லண்டன் ஜூரர்கள் வழக்குத் தொடரச் சாட்சியம் போதாது என்று தள்ளிவிட்டார்கள், நகரத்தில் தீ மூட்டிக் கொண்டாடினார்கள், பிரபு பிணையில் வெளியே வந்தார். ஆனால் மன்னன் விடவில்லை. அடுத்த முறை ஜூரர்களைத் தெரிவுசெய்யும் நகர அதிகாரிகளைத் தன் ஆட்களாக மாற்றினான். 1682 நவம்பரில் பிரபு அம்ஸ்டர்டாமுக்கு ஓடினார். 1683 ஜனவரி 21இல் அங்கேயே இறந்தார். உடலைக் கப்பலில் கொண்டுவந்து பிறந்த ஊரில் அடக்கினார்கள்.

இனி நொக்ஸிடம் திரும்புவோம். அவர் 1680 செப்டெம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவரது இலங்கை நூல் அச்சானது. பிரபு சிறையில் கிடந்த அதே ஆண்டு. அதில் நெல் விதைப்பு, உணவு, சாதி, பழக்கவழக்கம் எல்லாம் இருக்கிறது. இராஜசிங்கனின் ஆட்சி பற்றிய பகுதி தனியானது. மன்னனின் வாய்ச்சொல்லே சட்டம். 1664 டிசெம்பரில் நிலம்பேயில் பிரதானிகள் கிளர்ந்தெழுந்து, மன்னனின் சிறு மகனை அரசனாக்கப் பார்த்தார்கள். பிள்ளையை மன்னனின் சகோதரி தூக்கிக்கொண்டு மன்னனிடம் ஓடியதும் கிளர்ச்சி கலைந்துபோனது. பிறகு மன்னன் பிரதானிகளையும் குடும்பங்களையும் கொன்றான், கடைசியில் அந்த மகனையும் நஞ்சு கொடுத்துக் கொன்றான் என்று நொக்ஸ் எழுதுகிறார். கண்டிப் பிரதானிகள் ஆங்கிலப் பிரபுக்களைவிடக் கோழைகள் அல்ல. மன்னனை எதிர்த்துப் பேச அவர்களுக்கு ஒரு சபை இல்லை. இருட்டும் வாளும்தான் இருந்தன.

இந்த நூலை ஜோன் லொக் வாசித்தார். ஆட்சி பற்றிய அவரது புகழ்பெற்ற இரண்டாவது நூலில், கட்டற்ற மன்னராட்சி மக்களுக்கு எப்படியான பாதுகாப்பைத் தரும் என்று அறிய விரும்புபவர் அண்மையில் வந்த இலங்கை பற்றிய வரலாற்றைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைத்தார். கொட்டியாரப் புளியமரத்தடியில் தொடங்கிய கதை, ஷாப்ட்ஸ்பரியின் வீட்டில் வளர்ந்த அறிஞரின் பேனாவுக்குள் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

அந்த ஆட்கொணர்வு பிறகு ஆங்கிலேயரோடு கப்பலேறி இலங்கைக்கே வந்தது. 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளைக்காரத் துரை சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார் என்பதற்காக ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸின் நீதிமன்றம், ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அவரை விடுவித்தது. ஆளுநரின் சொல்லுக்கும் மேலே ஒன்று உண்டு என்று இலங்கையர் கண்ணால் கண்ட நாள் அது.

1979 ஜூலையில், ஷாப்ட்ஸ்பரியின் சட்டத்துக்கு 300 ஆண்டும் இரண்டு மாதமும் ஆகும்போது, நம் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று ஆண்டுக்கு என்று வந்தது, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாக நீட்டிப் பதினெட்டு மாதம்வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே வழக்கில் சாட்சியம் ஆகலாம். 2022இல் பதினெட்டை பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

ஆட்கொணர்வுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆள் உன்னிடம் இருக்கிறாரா, என்ன அதிகாரத்தில் வைத்திருக்கிறாய்? என்னிடம் இல்லை என்று வைத்திருப்பவர் சொல்லிவிட்டால் சட்டம் தடுமாறும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேரின் குடும்பங்களுக்கு இது தெரியும். அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் புலிகள் வீதியில் வைத்துக் கடத்திக்கொண்டுபோன நம்மவர்களின் குடும்பங்களுக்கோ, போய்க் கேட்க ஒரு நீதிபதிகூட இருக்கவில்லை.

இனி நம் வவுணதீவுக்கு வருவோம். வலையிறவுப் பாலத்தைக் கடக்கும் எவருக்கும் 2018 நவம்பர் 30 மறக்காது. வவுணதீவுப் பொலிஸ் காவலரணில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை இழந்தன. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்துப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் அடைத்தார்கள். ஊர் பயந்து ஒதுங்கியது. ஐந்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் நடந்த விசாரணையில், அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் குழு என்று தெரியவந்தது. மே மாதம் அந்த மனிதர் விடுதலையானார். அவர் பிடிபட்டபோது ஒரு நீதிபதி சாட்சியத்தைத் தட்டிப் பார்த்திருந்தால், அவர் ஐந்து மாதம் உள்ளே இருந்திருக்க மாட்டார் என்பது ஒரு பக்கம். உண்மையான கொலையாளிகளை யாராவது அந்த ஐந்து மாதமும் தேடியிருப்பார்கள் என்பது மற்றப் பக்கம். இரண்டாவது பக்கத்தை நினைக்கும்போதுதான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

அவர் வெளியே வந்த மாதங்களில் அதே சட்டம் நம் வீடுகளுக்குள் வந்தது. நம் தொழிலைச் செய்த ஒருவரை மட்டும் சொல்கிறோம். மன்னார் சிலாவத்துறைப் பக்கத்தவரான கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம். நொக்ஸ் தப்பி வந்து சேர்ந்த அரிப்பும் அதே கரையில்தான். அவரது 'நவரசம்' என்ற கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று 2020 மே மாதம் பிடித்தார்கள். தமிழில் எழுதிய கவிதை. அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகளும் இருந்தன. 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

முன்னாள் போராளி பிடிபட்டபோது பாலத்தின் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கேள்வி கேட்டோம்? அஹ்னாப் பிடிபட்டபோது அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்? கத்தோலிக்கருக்காக ஷாப்ட்ஸ்பரி கேட்கவில்லை. ஆனாலும் அவர் எழுதவைத்த சட்டத்தில் கத்தோலிக்கருக்கு மட்டும் இல்லை என்று ஒரு வரியும் இல்லை.

கடைசியாக, பலர் கேட்பதால் நடைமுறை விபரம் கொஞ்சம். ஆட்கொணர்வு மனுவுக்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு, மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்ட ஒருவருக்காக மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். நமக்கு மட்டக்களப்பிலேயே மேல் நீதிமன்றம் உண்டு. அடைபட்டவர்தான் போட வேண்டும் என்றில்லை, உறவினர் போடலாம். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. யாரையாவது கொண்டுபோனால் கொண்டுபோன நேரம், இடம், வாகன இலக்கம், வந்தவர்கள் காட்டிய அடையாளம் எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான்.